எந்தக் குறையுள்ள பீங்கானை வாங்குவது?

பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து பம்ப் ஷாஃப்ட் ஒன்று ஆம்னி வேனில் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கியது. ஷாஃப்ட் தேயாமல் இருக்க அதன்மேல் மாட்டியிருந்த வெள்ளைப் பீங்கான் உறை, அதாவது ஸ்லீவ், நீளவாக்கில் பிளந்து, வெயிலில் வெடித்த ஆமணக்குக் காய் மாதிரி வாயைத் திறந்திருந்தது. கூட வந்த மெயின்டனன்ஸ் அண்ணன் டீகூடக் குடிக்கவில்லை.

"இந்தவாட்டி ஒடையாததாப் பாத்துப் போட்டுக் குடுங்ணா. சிர்கோனியான்னு ஒண்ணு இருக்குதாமா. கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதாமா."

நாலு இடத்தில் விலை கேட்டேன். அலுமினா (உடைந்தது இதுதான்), சிர்கோனியா கலந்த அலுமினா, முழுச் சிர்கோனியா, சிலிக்கான் நைட்ரைடு. நாலுமே பீங்கான்தான். விலையும் கிட்டத்தட்ட அதே வரிசையில் ஏறியது. கொட்டேஷன் தாளில் ஒவ்வொன்றுக்கும் நேரே 'டஃப்னஸ்' என்று ஓர் எண், விரிசலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு. அலுமினாவுக்கு 4, கலப்புக்கு 5 சொச்சம், மற்ற இரண்டுக்கும் 6, அதற்குக் கொஞ்சம் மேல். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு மனசு மாறியது. பெரிய எண் உள்ள பீங்கான் எதை எடுத்தாலும், அதற்குள் ஏதோ ஒரு நுண்ணிய குறைதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம் பம்புக்குள் இருக்கிற சூட்டிலும் தண்ணீரிலும் அந்தக் குறை வேலை செய்யுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அக்கா மகள் உலோகவியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் உடைந்த ஸ்லீவைக் கொடுத்தேன். வாட்ச் ரிப்பேர் லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷாஃப்டோடு பூட்டுகிற பின் உட்காருவதற்காக வெட்டியிருந்த சின்ன ஸ்லாட்டின் மூலையில், கடுகு அளவு இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அங்கிருந்து விசிறி மடிப்பு போல வரிகள் விரிந்து, போகப் போகச் சொரசொரப்பாகியிருந்தன. விரிசல் பிறந்த இடம் அந்த வழவழப்புதான் என்றாள்.

"அந்தக் கீறல்தான குறை? அதில்லாமப் பண்ண முடியாதா கண்ணு?" என்றேன்.

"நீங்க சொல்ற குறை வேற, நாங்க படிக்கிற குறை வேற மாமா" என்றாள்.

நான் சொன்ன குறை பானை வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்தது. சந்தையில் பானையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். ணங்கென்று சத்தம் வந்தால் காசு கொடுப்போம். சொத்தென்று வந்தால் கீழே வைத்துவிடுவோம். நான் இன்றைக்கும் புது ஸ்லீவை நூலில் தொங்கவிட்டு ஸ்பேனர் காம்பால் மெதுவாகத் தட்டித்தான் எடுத்துக்கொள்கிறேன். விரிசல் இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். இந்த விரிசல் கணக்கை 1920-இல் கண்ணாடியை வைத்துப் போட்டவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். டஃப்னஸ் எண் அந்த வழியில் வந்ததுதான். அதை அப்படியே பெருக்கல் வாய்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வர்க்கத்தில் ஓடும். 350 மெகாபாஸ்கல் இழுவை வந்தால், எண் 4 உள்ள அலுமினா சுமார் 0.08 மில்லிமீட்டர் ஆழக் கீறல் வரை தாங்கும். தலைமுடியின் தடிமன்தான். எண் 6 உள்ள சிர்கோனியா 0.18 வரை தாங்கும். எண் ஒன்றரை மடங்கு ஏறினால், பொறுத்துக்கொள்ளும் கீறல் இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. டைமண்ட் வீலில் கிரைண்டிங் பிடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. அவர் கை சற்று அழுந்திவிட்டாலே 0.08-ஐத் தொட்டுவிடும்.

அவள் சொன்ன குறை இதைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னது. படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரிடத்தில் ஓர் அணு இல்லாமல் காலியாக இருக்கலாம். ஒரு வரிசை முழுசாக வராமல் பாதியில் நின்றுபோயிருக்கலாம். ஓர் அடுக்கு, அடுக்கிய முறை தப்பி உட்கார்ந்திருக்கலாம். வெல்லக் கட்டியை உடைத்தால் தூளாகிறது, செம்புக் கம்பியை மடக்கினால் மடங்குகிறது என்றால், செம்பில் பாதியில் நின்ற வரிசைகள் ஏராளம். இழுத்தால் அவை நகர்ந்து கொடுக்கும். இதை 1934-இல் டெய்லர், ஒரோவன், போலானி மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பீங்கானில் அந்த வரிசைகள் மிகக் குறைவு. இருப்பவையும் அசையாது. நேர்மின் அணுவும் எதிர்மின் அணுவும் மாறி மாறி நிற்கிற இடத்தில் ஒரு வரிசை நகர்ந்தால் ஒரே மின்சாதிக்காரர்கள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வார்கள். அதனால் நகர்வதைவிடப் பிளப்பது சுலபமாகிவிடுகிறது.

சிர்கோனியாவுக்கு வருவோம், அண்ணன் கேட்டது அதைத்தானே.

சுத்தமான சிர்கோனியாவைச் சூளையில் சுட்டு ஆறவைத்தால் தானாகவே நொறுங்கிவிடும். 1170 டிகிரிக்கு மேல் அதன் படிகத்துக்கு ஒரு வடிவம், கீழே வேறொரு வடிவம். ஆறும்போது வடிவம் மாறி 4 முதல் 5 சதவீதம் வரை ஊதுகிறது. அதில் 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்தால் கதை மாறுகிறது. நாலு மின்னேற்றம் உள்ள சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று உள்ள இட்ரியம் வந்து உட்காருகிறது. கணக்குச் சரிக்கட்ட, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாக விடப்படுகிறது. இந்தக் காலியிடங்களும் பீங்கானுக்குள் நெருங்கி நிற்கிற, அரை மைக்ரானுக்குக் குறைவான பொடிப் படிக மணிகளும் சேர்ந்து, சூட்டில் இருக்க வேண்டிய வடிவத்தை அறை வெப்பத்திலும் பிடித்து வைக்கின்றன, நாணேற்றிய வில் மாதிரி. விரிசல் வந்து முனையில் இழுத்தவுடன் அங்கே உள்ள மணிகள் சட்டென்று ஆறிய நிலைக்குரிய வடிவத்துக்குத் தாவி ஊதுகின்றன. ஊதினால் பக்கத்தில் நெருக்கும், நெருக்கினால் விரிசலின் வாய் மூடும். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது எஃகுக்குள் நடப்பதும் இதே ஜாதி மாற்றம்தான். அந்த ஒற்றுமையை 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் எடுத்துக்காட்டிய பிறகுதான் பீங்கானுக்கு எஃகோடு பேச்சு வந்தது.

இதுவரைக்கும் அண்ணன் கேள்விப்பட்டது சரிதான். மீதியை அவரிடம் யாரும் சொல்லவில்லை. காப்பாற்றுகிற அதே காலியிடம்தான் திருடன் நுழைகிற சந்தும். வெந்நீரும் நீராவியும் அந்தக் காலியிடங்களுக்குள் மெல்ல ஏறி அவற்றை நிரப்புகின்றன. பிடித்து வைத்திருந்த பிடி தளர்ந்து, மேற்பரப்பில் ஒரு மணி தாவுகிறது. அது ஊதியதால் பக்கத்து மணிக்கு இடி, அதுவும் தாவுகிறது. இடையில் விழுந்த நுண்விரிசல் வழியாகத் தண்ணீர் இன்னும் கீழே இறங்குகிறது. விரிசல் எதுவும் வராமலே நாண் அறுந்துகொண்டிருக்கிறது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். இடுப்பு மூட்டுக்குச் சிர்கோனியா உருண்டை பொருத்திய காலத்தில், நீராவியில் ஸ்டெரிலைஸ் செய்த உருண்டைகளின் மேற்பரப்பு சொரசொரத்துப் போனது தெரியவந்தது. 2001 வாக்கில் சில தொகுதி உருண்டைகள் உடம்புக்குள்ளேயே உடைந்து, திரும்பப் பெறப்பட்டன. மருத்துவச் சிர்கோனியாவுக்கு இன்றைக்கு வைக்கும் மூப்புச் சோதனை, 134 டிகிரி நீராவியில் 5 மணி நேரம். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் என்பது உடம்புச் சூட்டில் மூன்று நாலு வருஷத்துக்குச் சமம் என்று கணக்கு வைப்பார்கள்.

இப்போது சாயப்பட்டறையைப் பாருங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் 60, 80 டிகிரியில் முடிந்துவிடும். பாலியெஸ்டருக்கு 130 டிகிரி, பிரஷரில். அண்ணனுடைய பம்ப் நிற்பது பாலியெஸ்டர் மெஷினில். மருத்துவ உருண்டைக்கு 5 மணி நேரம் செய்து பார்க்கிற சோதனையை அந்த ஸ்லீவுக்கு மூன்று ஷிஃப்டும் செய்யச் சொல்கிறார் அவர்.

சிலிக்கான் நைட்ரைடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சரக்கு. அதன் மணிகள் உருண்டையாக இல்லாமல் நீளக் குச்சிகளாக வளர்கின்றன. குச்சிகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் தடிமனில் கண்ணாடிப் படலம், சுடும்போது கலந்த இட்ரியாவும் அலுமினாவும் விட்டுச் சென்றது. நாலைந்து அணு தடிமன்தான். விரிசல் குச்சியை உடைக்காமல் அந்தப் படலத்தின் வழியே சுற்றிக்கொண்டு போவதால் களைத்துப்போகிறது. வெந்நீரை வெட்டென்று ஊற்றினாலும் அசையாது, அதிவேக பேரிங் குண்டுக்கு அதைவிட்டால் வேறு இல்லை. ஆனாலும் என் ஷாஃப்டுக்கு அது ஏன் ஒத்துவராது என்பதைக் கணக்கு வரும்போது சொல்கிறேன்.

அக்கா மகளுக்கு இந்த நாலிலும் மனசு இல்லை. அவள் கண் எல்லாம் ஐந்தாவதில், கொட்டேஷனில் இல்லாத சரக்கில். செம்பில் இருப்பது போலப் பீங்கானுக்குள்ளேயே நகரும் வரிசைகளை முன்கூட்டியே நட்டு வைத்துவிட்டால் என்ன?

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சேலத்தில் ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற மாக்னசைட்டைச் சுட்டால் வருவது மெக்னீசியம் ஆக்சைடு. இரும்பு உருக்குகிற உலைக்குச் செங்கலாகப் போகிறது. அதன் ஒற்றைப் படிகத்தை அறை வெப்பத்திலேயே உடையாமல் வளைக்கலாம் என்று 1950களிலேயே பார்த்துவிட்டார்கள். அப்படியானால் செங்கல் ஏன் வளையவில்லை? பல மணிகள் சேர்ந்த கட்டி எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுத்துப்போக, ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்குத் திசைகள் வேண்டும். மெக்னீசியம் ஆக்சைடுக்கு அறை வெப்பத்தில் இரண்டுதான். ஒரு மணி வளையப் பார்க்கும், பக்கத்து மணி வழிவிடாது, எல்லையில் பிளந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் மட்டும் விட்டுக்கொடுத்தால் நடக்கிற கதை.

இன்னொரு சிக்கல், வரிசைகள் போதாது. விரிசல் ஓடுகிற வேகத்துக்கு அப்போது போய்ப் புது வரிசை பிறப்பிக்க முடியாது. அதனால் நாற்று மாதிரி முன்னாடியே நடவேண்டும். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் செய்வது கேட்க நம்ம பட்டறை வேலை மாதிரியே இருக்கிறது: மில்லிமீட்டர் கணக்கில் பெரிய குண்டு ஒன்றை மேற்பரப்பின் மேல் அழுத்தித் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். கூர்முனை வைத்தால் பிளக்கும். மொண்ணையான குண்டு வைத்தால் பிளக்காமல் வரிசைகள் மட்டும் பெருகும். அப்படிப் பெருகிய இடத்தில் விரிசல் குறைவாக ஓடுகிறது. தேய்ந்த மண்வெட்டியைக் கொல்லர் தட்டித் தட்டி இறுக்குவதை அவளுக்குச் சொன்னேன். "அதேதான் மாமா" என்றாள்.

மற்ற வழிகளும் இருக்கின்றன. நகோயாவில் 2018-இல் ஜிங்க் சல்ஃபைடு படிகத்தைக் கும்மிருட்டில் வைத்து அமுக்கினார்கள். 45 சதவீதம் வரை வளைந்து கொடுத்தது. விளக்கைப் போட்டு அமுக்கினால் உடைந்தது. வெளிச்சம் எழுப்பிவிடுகிற எலக்ட்ரான்கள் வரிசைகளில் ஒட்டிக்கொண்டு நகரவிடாமல் செய்கின்றன. 2022-இல் சீனாவில் சிலிக்கான் நைட்ரைடின் இரண்டு வடிவங்களை அணுவுக்கு அணு பொருந்துகிற மாதிரி ஒட்டவைத்து, நானோ தூணாகச் செதுக்கி அமுக்கியபோது உடையாமல் சுமார் 20 சதவீதம் சுருங்கியது. 2024-இல் மாலிப்டினத்தின் மேல் லாந்தனம் ஆக்சைடைப் பொருத்தி, உலோகத்தின் வரிசைகளைப் பீங்கான் கடன் வாங்கிக்கொள்கிற மாதிரி செய்தார்கள். இழுத்ததில் ஏறக்குறைய 40 சதவீதம் நீண்டது.

நீண்டது எவ்வளவு பெரிய துண்டு என்று கேட்டேன். மைக்ரான் கணக்கு என்றாள். என் ஸ்லீவின் உள்விட்டமே 40 மில்லிமீட்டர். சின்னத் துண்டில் பெரிய கீறல் இருக்க இடமே கிடையாது, அதனால் பலம் கூடித்தான் தெரியும் என்பதையும் அவளே ஒத்துக்கொண்டாள். கொட்டேஷன் வருகிற வரை இதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அவளுக்கு ஆராய்ச்சி செய்ய நல்ல இடம், எனக்கு இல்லை.

இனிக் கணக்கு. ஸ்லீவ் ஏன் உடைந்தது என்று பார்த்தால் குற்றவாளி நான்தான். இரண்டு வருஷம் முன்பு அதை மாட்டியது என் கை. ஷாஃப்ட் 304 ஸ்டெயின்லெஸ், விட்டம் 40 மில்லிமீட்டர். குளிர்ந்த தண்ணீர் பம்புக்கு விடுகிற வழக்கத்தில் ஷாஃப்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே 0.02 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், விட்டேன். அப்போது அந்த மெஷினில் பருத்திதான் ஓடியது. பாலியெஸ்டருக்கு மாறியதும் சூடு 100 டிகிரி ஏறினால் ஷாஃப்ட் 0.068 பெருக்கிறது. அலுமினா 0.032தான் பெருக்கும். 0.036 வித்தியாசத்துக்கு நான் விட்டிருந்த இடம் 0.02. மீதி 0.016-க்கும் ஸ்லீவை உள்ளிருந்து நெட்டித்தள்ளுகிறது ஷாஃப்ட். ஷாஃப்ட் கொஞ்சமும் அமுங்காது என்று வைத்தால் சுமார் 150 மெகாபாஸ்கல் இழுவை. ஸ்லாட்டின் கூர்மூலையில் அது இரண்டு மூன்று மடங்காகும். அலுமினாவுக்கு அவ்வளவுதான் ஆயுசு.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே வேடிக்கையாக இருந்தது. சிர்கோனியா சூட்டில் 0.042 பெருக்கும், இழுத்தால் அலுமினாவைவிடப் பாதி விறைப்புதான். அதே தப்பான ஃபிட்டில் அதற்கு வந்திருக்கக்கூடிய இழுவை 30 மெகாபாஸ்கல் சொச்சம். என் தப்பை அது சத்தமில்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கும். டஃப்னஸில் அதற்குச் சமமாக நிற்கிற சிலிக்கான் நைட்ரைடு? அது சூட்டில் பெருப்பதே இல்லை என்று சொல்லலாம், 0.013தான். இழுவை 270-ஐத் தொடும், நாலிலும் மோசம். வெந்நீர் அதிர்ச்சிக்கு அது அசையாததற்கு எது காரணமோ அதுவே ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டில் அதற்கு எமன். தாளில் இருந்த அந்த ஒற்றை எண் இதில் எதையும் சொல்லவில்லை.

ஆக, உடைந்ததற்கு மருந்து கிளியரன்ஸ். அதைச் சரிசெய்துவிட்டால் பழைய அலுமினாவே போதுமா? போதும் என்று சொல்ல எனக்கு முக்கால் மனசுதான். சாயப்பட்டறையில் ஸ்பேனர் விழும், ஷாஃப்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற கிளாண்டை இறுக்குகிறவர் ஒருபக்கமாக இறுக்குவார். கொஞ்சம் பொறுமை உள்ள பீங்கான் வேண்டும், ஆனால் நீராவியில் மூப்படையக் கூடாது. இந்த இடத்தில்தான் கலப்பு நிற்கிறது.

அலுமினா மாவில் சிர்கோனியா மணிகளை ஆறில் ஒரு பங்குக்கு மிகாமல் தூவிச் சுட்டால், ஒரு சிர்கோனியா மணி பெரும்பாலும் இன்னொன்றைத் தொடாது. ஒரு மணி நீராவியில் தாவினாலும் அடுத்த மணிக்கு அந்த இடி போய்ச் சேர்வதற்குள் விறைப்பான அலுமினா குறுக்கே நிற்கிறது. தீ ஓலைக்கு ஓலை தாவாமல் இருக்க வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டின மாதிரி. விரிசல் வந்தால் மட்டும் வழியில் உள்ள மணிகள் வேலை செய்யும். இப்போது இடுப்பு மூட்டில் வைக்கிற இளஞ்சிவப்பு உருண்டை இந்த வகைக் கலப்புதான். நிறம் அதில் சேர்த்த குரோமியத்தால் வந்தது. டஃப்னஸில் முழுச் சிர்கோனியாவைவிட ஒரு படி கீழே, விலையிலும் கீழே. வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், சிர்கோனியா எத்தனை சதவீதம் என்று. கூடுதல் நல்லது என்று நினைத்து 30, 40 போட்ட சரக்கை எடுத்தால் மணிகள் கைகோத்துக்கொள்ளும், மூப்பு மறுபடி உள்ளே வரும்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப சிர்கோனியா வேண்டாங்களா?" குரலில் ஏமாற்றம்.

"இந்தப் பம்புக்கு வேண்டாங்ணா. உப்புக் கரைசல் டோசிங் பம்ப் ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, பச்சத்தண்ணிலதான ஓடுது? அதோட பிளஞ்சருக்கு அதையே போடலாம். அங்க அடிக்கிறதுக்கு ஆளில்ல."

கலப்பு ஸ்லீவுக்கு ஆர்டர் கொடுத்தபோது தாளில் மூன்று வரி எழுதினேன். கிளியரன்ஸ் 0.06, ஸ்லீவை மையத்தில் பிடித்து நிறுத்த இரண்டு ஓ-ரிங். பக்கவாட்டில் டெஃப்லான் கேஸ்கெட், நட்டை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஸ்லாட் மூலைகளுக்கு 1 மில்லிமீட்டர் ரேடியஸ்.

மூன்று வாரத்தில் சரக்கு வந்தது. நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன், கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. நகத்தை ஸ்லாட் மூலையில் வைத்துப் பார்த்தேன். கத்தி மாதிரி கூராகவே இருந்தது. அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது பீஸ் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் பழைய குரோம் ஸ்லீவ் ஒன்றைப் போட்டு மெஷினை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கொரு தடவை பேக்கிங் மாற்ற வேண்டியிருக்கிறது என்று அண்ணன் தினமும் போன் போடுகிறார்.